வீவக வீட்டில் வசிப்பவர் சொந்தமாகத் தொலைநோக்கி செய்வதில் பயன் உண்டா?

இரவெல்லாம் விளக்கொளி பரவும் சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருந்துகொண்டு தொலைநோக்கி செய்வது வீண்வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நகர வெளிச்சம் மங்கலான நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களை, மறைக்குமே தவிர, நிலவையும் வியாழனையும் சனியையும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மேலும், நிலநடுக்கோட்டிற்கு சுமார் 1.3 பாகை வடக்கே இருக்கும் நமக்குக் கோள்கள் வானில் மிக உயரத்தில் உச்சமடைவதால், காற்றின் கலக்கம் குறைந்து உருவம் தெளிவாகத் தெரியும். தாழ்வாரத்தின் கூரை அவற்றை மறைத்துவிடும் என்பதால் கீழே திடலுக்குத்தான் போக வேண்டும்.

1960களில் சான் பிரான்சிஸ்கோவில் வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் பரப்பிய எளிய அமைப்பே, அதாவது ஒட்டுப்பலகைப் பெட்டியில் சுழலும் அட்டைக்குழாயே, தொடங்குபவருக்கு ஏற்றது. 150 மி.மீ. விட்டமும் 1,200 மி.மீ. குவியத்தொலைவும் (ஒளி குவியும் புள்ளிவரை உள்ள தூரம்) கொண்ட ஒளி குவிக்கும் ஆடியுடன் 25 மி.மீ. குவியத்தொலைவுள்ள கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 48 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். சனியின் வளையத்தைக் காண அது போதும். ஆடியை மட்டும் விலைக்கு வாங்குவதே நல்லது என்பேன், ஏனெனில் அதன் பரப்பில் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட உருவத்தைக் குலைக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காதிருக்க, வில்லைகளை சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.