கேபின் பை மட்டும் கொண்டு 25 நாள் பயணம்: எந்தப் பையை வாங்கலாம்?

கேள்வி: என் கணவரும் நானும் அறுபது வயதைக் கடந்தவர்கள். அக்டோபரில் மதுரையிலிருந்து இண்டிகோவில் சென்னைக்கும், அங்கிருந்து லுஃப்தான்சாவில் பிராங்க்ஃபர்ட்டுக்கும் சென்று, பாரிஸ், சூரிச், மிலான், ரோம் என 25 நாள்கள் சுற்றிவர இருக்கிறோம். பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலைய உடம்பு இடம் கொடுக்காது என்பதால், ஆளுக்கொரு கேபின் பையோடு போவதென்று முடிவு செய்துள்ளோம். கடையில் நான்கு சக்கரங்கள் கொண்ட பாலிகார்பனேட் பெட்டியைக் காட்டி, எல்லா விமானங்களிலும் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வாங்குவதற்கு முன் அந்தப் பெட்டியைக் காலியாக எடை போட்டுப் பாருங்கள். கேபின் பை வாங்கும்போது விலைக்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது பையின் சொந்த எடையைத்தான். சாதாரண வகுப்பில் லுஃப்தான்சா 8 கிலோ வரை அனுமதிக்கிறது. இண்டிகோவின் வரம்பு 7 கிலோ. நீங்கள் ஏறப்போகும் விமானங்களில் எதன் வரம்பு மிகக் குறைவோ, அதுவே பயணம் முழுமைக்கும் உங்கள் வரம்பாகிவிடுகிறது என்பதால், 7 கிலோவை வைத்தே கணக்கிட வேண்டும். நான்கு சக்கரப் பெட்டிகளில் பல இரண்டரை கிலோவைத் தாண்டுபவை. அப்படி ஒன்றை வாங்கினால், துணிமணி, மருந்து, சார்ஜர் என அனைத்துக்கும் சேர்த்து நான்கரை கிலோதான் மிஞ்சும். ஒன்றேகால் கிலோ எடையுள்ள துணிப் பை அதே பயணத்தில் ஐந்தே முக்கால் கிலோவுக்கு இடம் தரும். அக்டோபர் மாதப் பாரிஸுக்குத் தேவைப்படும் கம்பளிச் சட்டைகள் அந்த வித்தியாசத்திலேயே அடங்கிவிடும்.

அளவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். லுஃப்தான்சா 55 × 40 × 23 செ.மீ. வரை ஏற்றுக்கொள்கிறது. இண்டிகோ, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. லுஃப்தான்சாவின் முழு அளவுக்கு ஒரு பை வாங்கினால் கூட்டுத்தொகை 118 ஆகி, மதுரையிலேயே வரம்பைத் தாண்டிவிடும். 55 × 35 × 20 செ.மீ. அளவுள்ள பை இரண்டு விதிகளுக்கும் பொருந்தும். விமான நிறுவனங்கள் சக்கரம், கைப்பிடி அனைத்தையும் சேர்த்தே அளக்கின்றன. ‘55’ என்று சீட்டு ஒட்டிய பெட்டிகள் சிலவற்றில் அந்த அளவு சக்கரத்தைச் சேர்க்காத உடற்பகுதிக்கு மட்டுமே உரியதாக இருக்கும். ஆகவே கடைக்கு ஓர் அளவு நாடாவை எடுத்துச் சென்று, சக்கரத்தின் அடியிலிருந்து மடக்கிய கைப்பிடியின் மேல் வரை நீங்களே அளந்துவிடுங்கள். விரித்துப் பெரிதாக்கும் கூடுதல் ஜிப் உள்ள பைகளைத் தவிர்ப்பது நல்லது. திரும்பி வரும்போது அதைத் திறக்காமல் இருக்க மனம் வராது, திறந்தால் தடிமன் வரம்பை மீறிவிடும்.

உங்கள் கணவருக்கு முதுகுவலி இல்லையென்றால், இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் உள்ள, சூட்கேஸைப் போல முழுவதுமாகத் திறக்கும் முதுகுப்பையை அவருக்கு வாங்குங்கள். தோளில் சுமக்க இயலாது என்றால், இருவருக்குமே இரண்டு சக்கரங்கள் மட்டும் உள்ள, இரண்டு கிலோவுக்கு மிகாத துணிப் பெட்டிதான் என் பரிந்துரை. நான்கு சிறு சக்கரங்கள் விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் அழகாக உருளும். ரோம் நகரின் பழைய கல் பாவிய தெருக்களிலோ இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் பாதி புதைந்த இரண்டு பெரிய சக்கரங்கள் அந்தக் கற்களின் மேல் இழுபடும், உள்ளிடத்தையும் அவ்வளவாக விழுங்குவதில்லை. கடையில் கைப்பிடியை முழுதாக இழுத்து இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். ஜிப்பை மூலைகளில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பைகள் பெரும்பாலும் பழுதாகத் தொடங்குவது இந்த இரண்டு இடங்களில்தான். ‘ஐந்து ஆண்டு உத்தரவாதம்’ என்பது வழக்கமாக உற்பத்திக் குறைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், விமானத்தில் ஏற்படும் சேதத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

துணி விஷயத்தில், 25 நாளுக்கு 25 நாள் துணி என்று நினைக்கக் கூடாது. உடுத்தியிருப்பதைத் தவிர மூன்று மாற்றுடைகள் இருந்தால், மூன்று நாளுக்கொருமுறை துவைத்துக்கொள்ளலாம். ஒரே ஜீன்ஸ் அரை கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஈரமானால் குளிர்நாட்டு அறையில் மறுநாளும் காயாது. மெல்லிய பாலியஸ்டர் கலந்த துணிகளும் நம்மூர் ஈரிழைத் துண்டும் இரவோடு இரவாகக் காய்ந்துவிடும். துவைத்த சட்டையைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதைப் போலச் சுருட்டி, இரு கைகளாலும் அழுத்தினால் ஈரம் துண்டுக்குப் போய்விடும்; பிறகு சட்டையை ஹேங்கரில் மாட்டினால் காலையில் உடுத்தத் தயாராக இருக்கும். கனமான காலணியையும் குளிர்ச்சட்டையையும் விமானம் ஏறும்போது அணிந்துகொள்ளுங்கள்.

ஒரு நகரிலிருந்து இன்னொன்றுக்கு மலிவு விலை விமானத்தில் போக எண்ணினால் மட்டும் யோசியுங்கள். ரயன்ஏர், விஸ் ஏர் ஆகியவை அடிப்படைக் கட்டணத்தில் 40 × 30 × 20 செ.மீ. அளவுள்ள சிறு பையையே அனுமதிக்கின்றன. உங்கள் கேபின் பைக்கு அங்கே தனிக் கட்டணம். பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு நேரடி ரயிலில் சுமார் நான்கு மணி நேரம்தான். அங்கே உங்கள் பையை யாரும் தராசில் வைக்க மாட்டார்கள்.

கேள்வி: புளிக்காய்ச்சல், ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டுபோகலாமா? சர்க்கரை நோய்க்கான இன்சுலின், பவர்பேங்க் ஆகியவற்றுக்கு என்ன விதி?
– அதே வாசகி

பதில்: எண்ணெய் மட்டுமல்ல, புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய், பற்பசை போன்ற குழைவான எதுவும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதப்படும். ஒவ்வொன்றும் 100 மி.லி.க்கு மிகாத கொள்கலனில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். கணக்கில் வருவது கொள்கலனின் கொள்ளளவு, 200 மி.லி. பாட்டிலில் கால்பங்கு எண்ணெய் இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஷாம்புவுக்குப் பதில் சோப்புக் கட்டியும் சீயக்காய்த் தூளும் கொண்டுபோனால் அந்தச் சிறு பையில் இடம் மிச்சமாகும். நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: பயணிகள் வெளிநாடுகளிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது.

இன்சுலினுக்கு 100 மி.லி. வரம்பு கிடையாது. மருந்துகளை அவற்றின் அசல் அட்டைகளிலேயே, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு, பயண நாள்களுக்கும் மேலாக ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறும் கதவருகே உங்கள் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும் நிலை வந்தால், மருந்தும் பவர்பேங்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் எளிதில் வெளியே எடுக்கக்கூடிய ஒரு சிறு உறையில் வையுங்கள். பவர்பேங்க் 100 வாட்-மணி (Wh, அது சேமிக்கும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி இன்றிச் செல்லும். கடைகளில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். மேலே அச்சிட்ட அந்த அளவு அழிந்துபோன பழையதைக் கொண்டுபோகாதீர்கள்; சோதனையில் அதை உறுதிசெய்ய வழியிருக்காது.

கேள்வி: இணையத்தில் 55 செ.மீ. என்று போட்டிருந்த பெட்டி, வீட்டில் அளந்தால் 59 செ.மீ. இருக்கிறது. விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் விற்பனைப் பக்கத்தை மீண்டும் படியுங்கள். சக்கரம் நீங்கலான அளவு என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். அப்படி இல்லையெனில், விளம்பரப்படுத்திய தன்மைகளோடு ஒத்துப்போகாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அளவு நாடாவைப் பெட்டியோடு சேர்த்துப் படமெடுத்து, விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), ரசீது ஆகியவற்றுடன் எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதுவும் பலன் தராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. புகார் தீரும் வரை அந்தப் பெட்டியைப் பயன்படுத்தாமல், சீட்டுகளைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.