அப்பாவின் 486: ஸ்விட்சைப் போடுவதற்கு முன்

கேள்வி: கும்பகோணத்தில் என் அப்பா 1995 முதல் 2004 வரை டி.டி.பி. சென்டர் நடத்தினார். அவருடைய 486 கம்ப்யூட்டர் (1990களின் பிராசசர் வகை) இன்றும் பரணில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களிடம் கேட்டெழுதிய தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களை அதில் அடித்துப் பக்கமும் கட்டி வைத்திருந்தார். புத்தகம் அச்சாகவில்லை. அவருக்கு இப்போது 78 வயது. அந்தப் பக்கங்களைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறார். கடைக்காரர் ஒருவர், "போர்டை மாற்றி, எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் 10 ஏற்றித் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் அப்படியே 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். முதலில் ஒருமுறை ஆன் செய்து பார்க்கலாமா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பதில்: ஆன் செய்யாதீர்கள், அம்மா. இருபது ஆண்டு தூங்கிய கம்ப்யூட்டர்களில் என்னிடம் வந்தவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்: பரணில் கிடந்ததால் கெட்டவை குறைவு, கீழே இறக்கிய அன்றைக்கே "உயிர் இருக்கிறதா பார்ப்போம்" என்று பிளக்கைச் செருகியதால் கெட்டவைதான் அதிகம்.

முதலில் பெட்டியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். விசைப்பலகை ஒயர் செருகும் துளைக்குப் பக்கத்தில், நீலமோ பச்சையோ உறை போட்ட, விரல் நுனி அளவுக் குட்டிப் பீப்பாய் ஒன்று போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி. நேரத்தையும் ஹார்டு டிஸ்க்கின் அளவுகளையும் கம்ப்யூட்டர் மறக்காமல் இருப்பதற்காக வைத்தது. இவ்வளவு வருடத்தில் அது கசிந்திருக்கும். அதிலிருந்து வரும் காரத்திரவம் பச்சை உப்புப் போலப் படிந்து, போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். மின்சாரம் கொடுத்தால் அந்த அரிப்பின் மேலேயே ஓடி, நல்ல சிப்பையும் கெடுக்கும். கட்டர் கொண்டு பாட்டரியை வெட்டி எடுங்கள். பச்சை படிந்த இடத்தில் வெள்ளை வினிகரை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டுத் தேயுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர், அதன் பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். அறுந்த கோடு இருந்தால் மெல்லிய கம்பி வைத்து இணைக்க வேண்டும். அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை.

புது பாட்டரியைப் பழைய இடத்தில் பற்றவைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மூன்று பென்டார்ச் செல்களை ஒரு ஹோல்டரில் போட்டு, ஒயர் இழுத்து, பெட்டியின் அடித்தட்டில் ஒட்டிவிடலாம். கசிந்தாலும் தகரத்தோடு போகும். நடுவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று கட்டாயம். அந்த போர்டு பாட்டரிக்கு சார்ஜ் கொடுக்கப் பழகியது; சாதாரண செல்லுக்கு சார்ஜ் கொடுத்தால் அது கசியும், வெடிக்கவும் கூடும்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உங்களுடையது அந்த வகையாகவே இருக்கலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சில போர்டுகளில் இந்தப் பீப்பாயே இருக்காது. அதற்குப் பதில், மற்ற சிப்புகளைவிட இரண்டு மூன்று மடங்கு உயரமாக, செங்கல் போல ஒரு கறுப்புக் கட்டை நிற்கும். மேலே டல்லாஸ் என்ற பெயரும், பல சமயம் ஒரு அலாரக் கடிகாரத்தின் படமும் அச்சிட்டிருக்கும். பாட்டரி அந்தக் கட்டைக்குள்ளேயே பிசின் ஊற்றி அடைக்கப்பட்டிருக்கிறது. இது கசியாது, போர்டை அரிக்காது. அந்த வகையில் நீங்கள் பாக்கியசாலி. ஆனால் உள்ளே இருக்கும் செல் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கும். உங்களுடையது கட்டாயம் தீர்ந்திருக்கும். தீர்ந்துபோனால் சில கம்ப்யூட்டர்கள் முரண்டு பிடித்து முழுதாகக் கிளம்பவே மாட்டா. "போர்டு போய்விட்டது" என்று கடையில் சொல்வார்கள். போகவில்லை, கடிகாரம் போயிருக்கிறது. அதையே புதிதாக வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால், பழைய சிப்பைத் தேய்த்து, மேலே புதுத் தேதி அச்சடித்து விற்பவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அதில் பாட்டரி வந்து சேரும்போதே செத்திருக்கும். நல்ல வழி, அந்தக் கட்டையின் பக்கவாட்டைக் கவனமாக உரசி, உள்ளே பாட்டரிக்குப் போகும் இரண்டு கால்களைத் திறந்து, பழைய செல்லின் இணைப்பை அறுத்துவிட்டு, வெளியே ஒரு 2032 நாணய செல்லைப் பொருத்துவது. இதற்கு டயோடு தேவையில்லை. முன்பு சொன்னதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பீப்பாய் என்றால் டயோடு உண்டு, கடிகாரக் கட்டை என்றால் இல்லை.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் தகரப் பெட்டி. அதன் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிறு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230இல் நிற்கிறதா பாருங்கள். சுத்தம் செய்யும்போது விரல் பட்டு நகர்ந்துவிடும். 115இல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் வெடித்துவிடும். அந்தத் தகரப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் நிற்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். கண்டென்சர்களை மாற்றி, பல்லி முட்டை, கரப்பான் எச்சமெல்லாம் தட்டி எடுத்து, சீரீஸ் பல்பு போட்டு (மின்வழியின் நடுவே ஒரு குண்டு பல்பை வைத்து) சோதித்துத் தருவார். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். திரும்ப மாட்டும்போது மதர்போர்டுக்கு இரண்டு பிளக்குகள் பக்கம் பக்கமாகப் போகும். இரண்டிலும் உள்ள கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டின் கதை அங்கேயே முடிந்தது.

இனி ஹார்டு டிஸ்க். நீங்கள் தேடுவது இதற்குள்தான் இருக்கிறது; என் கோபமும் இங்கேதான்.

பாட்டரி தீர்ந்த 486 ஹார்டு டிஸ்க்கின் அளவை மறந்திருக்கும். எனவே சி டிரைவ் வேலை செய்யவில்லை என்று திரையில் காட்டும். பத்துக் கடைக்காரர்களில் எட்டுப் பேர் அதைப் படித்துவிட்டு, "டிஸ்க் போச்சு, டேட்டா எடுக்கத் தனியாகச் செலவாகும்" என்பார்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றை, கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒரு விசையை அழுத்தித் திறக்கும் செட்டப் திரையில் அடித்தால் பல டிஸ்க்குகள் அப்போதே எழுந்துவிடும். பல செட்டப்களில் தானே கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. மூன்று எண்களை அடிப்பதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல விரும்பவில்லை; ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். காரணம், பணம் போனதோடு நிற்கவில்லை: அந்தக் காலத்து செட்டப் திரை சிலவற்றில் ஹார்டு டிஸ்க் யூட்டிலிட்டி என்று ஒரு வரி இருக்கும். "சரிசெய்கிறேன்" என்று அதற்குள் போனால், அது டிஸ்க்கை அடிமட்டத்திலிருந்து அழிக்கும் கருவி. அந்த வரியை யாரும் தொடக் கூடாது.

ஆனால் அதற்கும் முன்னால் டிஸ்க்கை முழுதாகப் படி (காப்பி) எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. மாற்றியில் போட்டுப் பார்த்து "தெரியவில்லை" என்றால் நம்பாதீர்கள். அந்த மாற்றிகளில் பல, இவ்வளவு பழைய டிஸ்க்கின் முகவரி முறையே அறியாதவை. ஐ.டி.இ. துளை (பழைய ஹார்டு டிஸ்க்கின் பட்டை ஒயர் செருகும் இடம்) உள்ள பென்டியம் 3 காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் மொத்த டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் டிஸ்க் சில நூறு எம்.பி.தான் இருக்கும், இன்றைய பென்டிரைவின் மூலையில் அடங்கும். புது விண்டோஸில் மாட்டினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், பழக்கதோஷத்தில் ஆம் என்று தட்டிவிடுவார்கள். படி கைக்கு வரும்வரை அந்த டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

இப்போது உங்களுடைய முதல் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். போர்டை மாற்றினால் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று பழைய தகரத்துக்குள் கிடைக்கும். விண்டோஸ் 10 ஓட 1 கிகாஹெர்ட்ஸ் வேகமாவது வேண்டும். உங்களுடையது 66 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்குப் பக்கத்தில். ஆகவே அவர் ஒன்றையும் மேம்படுத்தவில்லை, எல்லாவற்றையும் அகற்றுகிறார். அப்பாவின் பக்கங்கள் அங்கே திறக்காது. ஏன் என்றால், அன்றைய தமிழ்ப் பதிப்பு மென்பொருள்களில் பல, பிரிண்டர் துளையில் செருகும் ஒரு பூட்டோடு வந்தன. தீப்பெட்டி அளவு பிளக், டாங்கிள் என்பார்கள். அது இல்லாமல் மென்பொருள் தமிழ் எழுத விடாது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் அதைச் செருகத் துளையே கிடையாது. உங்கள் பெட்டியின் பின்னால் அப்படி ஒன்று தொங்குகிறதா, பழைய ஒயர் மூட்டையில் கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள். "இது எதற்கு?" என்று குப்பையில் போட்ட கடைக்காரரால் பதினெட்டு ஆண்டுச் சிற்றிதழ் உழைப்பு எலும்புக்கூடு போல ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றதை நான் பார்த்தேன்.

இந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது கறையான் இல்லை, நாமேதான். 1990களில் தமிழ் எழுத்துரு விற்ற நிறுவனங்கள் எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று அவரவர் விருப்பத்துக்கு ஒரு குறியீட்டு அட்டவணை வைத்துக்கொண்டன. ஒருவருடைய ‘அ’ இன்னொருவருக்கு ‘ற’. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு ‘டாம்’ (TAM), ‘டாப்’ (TAB) என்ற இரண்டு குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு வந்தது. வந்தது நல்லது. ஆனால் அதற்கு முன் அடித்த கோடிக்கணக்கான சொற்களை யார் மாற்றுவது, பழைய அட்டவணைகளை யார் வாங்கிப் பொதுவில் வைப்பது என்று யாரும் பொறுப்பேற்கவில்லை. மின்கழிவு விதிகள் 2022இல் புதிதாக வந்தன. அவையும் டன் கணக்கில்தான் பேசுகின்றன. அலுவலகங்களில் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்கள் டிஸ்க்கோடு ஏலத்துக்குப் போகின்றன. ஒரு ஊரின் ஒப்பாரி எந்தப் பெட்டிக்குள் போனது என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூட இல்லை.

3,000 ரூபாய் தருகிறவருக்கு வேண்டியது உங்கள் செராமிக் பிராசசரின் தங்கப் பூச்சுள்ள கால்கள். அமிலத்தில் போட்டுப் பிரித்தெடுப்பார்கள். அந்த அமிலம் வாய்க்காலுக்குப் போகும். கொடுக்காதீர்கள்.

சரி, எதை மேம்படுத்தலாம்? மிகச் சிலதான். ரேம் 8 எம்.பி. இருந்தால் 16 ஆக்குங்கள், விண்டோஸ் 3.1க்கும், பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் 5க்கும் அது தாராளம். துளை 72 கால் வகையானால் ஒரு பட்டை போதும்; 30 கால் வகையானால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையை (பழைய டிஜிட்டல் கேமராக்களின் நினைவக அட்டை) ஐ.டி.இ. மாற்றியில் வைத்து, எடுத்த படியை அதில் எழுதுங்கள். சத்தம் இல்லை, சூடு இல்லை. பெரிய அட்டை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் காலத்து பயாஸ் (போர்டிலேயே இருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பும் நிரல்) பெரும்பாலும் 504 எம்.பி.க்கு மேல் பார்க்காது. அசல் டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். பழைய மானிட்டரைத் திறக்காதீர்கள். விஜிஏ துளை உள்ள எல்.சி.டி. போதும். ஃப்ளாப்பிகளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். ஒன்றின் பூஞ்சை அடுத்ததைக் கீறும். பெட்டியின் மஞ்சளை வெளுக்க வைக்கும் வேலையில் இறங்க வேண்டாம், அதனால் ஒரு எழுத்தும் திரும்ப வராது.

கம்ப்யூட்டர் எழுந்தபின் செய்ய வேண்டியது இது. விண்டோஸ் 3.1இல் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரின் டிரைவரை (நிஜப் பிரிண்டர் வேண்டாம், மென்பொருள் போதும்) நிறுவி, அச்சைக் காகிதத்துக்கு அனுப்பாமல் கோப்பாகச் சேமியுங்கள். எழுத்துருவின் வடிவமும் அதற்குள்ளேயே போய்விடும். அந்தக் கோப்பை அட்டை வழியாக இன்றைய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து பிடிஎஃப் ஆக்கினால், அப்பா கட்டிய பக்கம் அப்படியே, அவர் வைத்த வரி இடைவெளியோடு வந்து நிற்கும். யூனிகோடாக மாற்றுவது அடுத்த வேலை. அதை அவசரமில்லாமல் செய்துகொள்ளலாம்.

இப்போதைக்கு அப்பாவிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதிவையுங்கள்: எந்த மென்பொருளில் அடித்தார், எந்த விசைமுறையில் (எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற முறை) அடித்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி, விசைப்பலகைத் துளை பக்கம் தெளிவாகத் தெரியும்படி மதர்போர்டைப் படமெடுத்து அனுப்புங்கள். பீப்பாயா, கடிகாரக் கட்டையா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.