பாஸ்க் மொழி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சில வருடங்களாக பாஸ்க் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கே பேசப்படுகிறது? எத்தனை பேர் பேசுகிறார்கள்?

ஸ்பெயினும் பிரான்ஸும் சேரும் இடத்தில், பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில். பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர். மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எவுஸ்காரா. பாஸ்க்காரரைக் குறிக்கும் சொல் எவுஸ்கால்துன், அதாவது 'எவுஸ்காராவை உடையவர்'. வெளியூரில் பிறந்தவரும் மொழியைக் கற்றுக்கொண்டால் எவுஸ்கால்துன்தான். இந்த ஒரு சொல்தான் என்னை இந்த மொழிக்குள் இழுத்தது.

கேள்வி: அக்கா, தமிழும் பாஸ்கும் உறவு மொழிகள் என்று வாட்ஸப்பில் வந்ததே, நிஜமா?

இல்லை தம்பி. இன்று உயிரோடிருக்கும் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிரூபிக்கப்படவில்லை. ரோமானியர் காலக் கல்வெட்டுகளில் இன்றைய பாஸ்க் சொற்களை ஒத்த ஆட்பெயர்கள் கிடைக்கின்றன. தடயம் அதுவரைதான் போகிறது. அமைப்பு மட்டும் நமக்குப் பழகியதாக இருக்கும். 'எச்சே' என்றால் வீடு, 'எச்சேரா' வீட்டுக்கு, 'எச்சேதிக்' வீட்டிலிருந்து. வினையும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆனால் துருக்கியும் ஜப்பானியமும்கூட அப்படித்தான் இருக்கின்றன.

கேள்வி: இந்த மொழியில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?

நெருங்கியவர்களோடு பேசும் 'ஹிகா' என்ற பேச்சுமுறை. 'எத்தோரி த' என்றால் 'வந்திருக்கிறார்'. அதையே ஒரு பையனிடம் சொன்னால் 'எத்தோரி துக்', பெண்ணிடம் சொன்னால் 'எத்தோரி துன்'. வந்தவர் யாரோ ஒருவர், ஆனால் வினை மாறுவதோ கேட்கிறவரைப் பார்த்து! நாம் 'வந்துட்டான்டா', 'வந்துட்டான்டி' என்பதில்லையா, அதேதான். நாம் ஒட்டாக வைப்பதை அவர்கள் வினையின் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

வருத்தம் என்னவென்றால், ஆண்களிடம் பேசும் வடிவம் சில ஊர்களில் இன்னும் புழங்குகிறது, பெண்களிடம் பேசும் வடிவம் மிகவும் அருகிவிட்டது. அதை மீட்க இப்போது பெண்களே கூடி வகுப்பு நடத்துகிறார்கள்.

கேள்வி: ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் எப்படித் தப்பியது?

வீடுகளுக்குள் ஒளிந்துதான். குழந்தைக்கு பாஸ்க் பெயரைப் பதிவு செய்ய முடியாத காலம் அது. 1940-களில் பாஸ்க் நகரமான சான் செபாஸ்தியானில் எல்பிரா சிப்பித்ரியா என்ற ஆசிரியை சில குழந்தைகளை வீட்டில் உட்கார வைத்து பாஸ்கிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்படித் தொடங்கிய 'இகாஸ்தோலா' பள்ளிகள் 1960-களில் ஊர் ஊராகப் பரவின.

அப்புறம் இன்னொரு சிக்கல். வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு வேறு; பாடப்புத்தகத்தை எந்த வழக்கில் எழுதுவது? 1968-இல் அரான்சாசு மடத்தில் பாஸ்க் மொழிக் கழகம் கூடி, மொழியியலாளர் கோல்தோ மிச்சேலெனா வகுத்த வழியில் பொது எழுத்துமொழிக்கு அடித்தளம் போட்டது. வடக்கே உச்சரிக்கிற, தெற்கே உச்சரிக்காத 'ஹ' எழுத்தைச் சேர்ப்பதா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. ஊர்ப்பேச்சு செத்துவிடும் என்று பயந்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு இல்லாமல் பள்ளியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பிரான்ஸ் பக்கம்?

அங்கே ஆட்சிமொழித் தகுதி கிடையாது. 1969-இல் தொடங்கிய 'செயாஸ்கா' அமைப்பின் பள்ளிகள் பெரிய ஆதரவு.

கேள்வி: அப்படியென்றால் இனி ஆபத்து இல்லைதானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் 16 முதல் 24 வயதுக்காரர்களில் பாஸ்க் பேசத் தெரிந்தவர்கள் 1991-இல் நான்கில் ஒருவர்; 2021-இல் கிட்டத்தட்ட நான்கில் மூவர். பெரிய சாதனை. ஆனால் ஸ்பெயின், பிரான்ஸ் இரு பக்கமும் சேர்ந்த பாஸ்க் நாடு முழுவதும் தெருவில் காதில் விழும் உரையாடலை எண்ணிப் பார்த்தால் 100-இல் 15கூட பாஸ்கில் இல்லை. தெரியும், ஆனால் வாயில் வருவதில்லை. கூட்டத்தில் தெரியாதவர் ஒருவர் இருந்தாலே எல்லோரும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள்.

இதற்காகவே 2018-இல் 'எவுஸ்காரால்தியா' தொடங்கினார்கள். சட்டையில் வட்டமாக ஒரு பேட்ஜ். 'பேலாரிப்ரெஸ்த்' என்று இருந்தால் 'என் காது தயார், என்னிடம் பாஸ்கில் பேசுங்கள்' என்று பொருள். சரளமாகப் பேச வராதவரும் அதைக் குத்திக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் மொழி மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: அடுத்த மாதம் பில்பாவோ போகிறேன். என்ன கற்றுக்கொள்ளட்டும்?

காலையில் கடைக்குள் நுழைந்ததும் 'எகுன் ஓன்', அதாவது காலை வணக்கம். கிளம்பும்போது 'எஸ்கெரிக் அஸ்கோ', அதுதான் நன்றி. முதல் வார்த்தையை நீங்களே பாஸ்கில் சொல்லிவிடுங்கள், கடைக்காரர் எந்த மொழியில் தொடர்கிறார் என்று வந்து சொல்லுங்கள்.