கண் லைட் எரிகிறது, பாட்டும் படிக்கிறது, ரோபோ மட்டும் நடக்கவில்லை: போட் போய்விட்டதா?

கேட்டிருப்பது இது: கல்முனையில் வாங்கிய ரோபோ, பாதத்தில் சில்லு வைத்துச் சறுக்கி நடக்கிற வகை, நாலு பென்டோர்ச் பற்றரி போடுவது. கண் லைட் எரிகிறது, பாட்டுப் படிக்கிறது. நடக்கிற பொத்தானை அமத்தினால் ஒருமுறை துடித்துவிட்டுப் பாட்டை முதலிலிருந்து தொடங்குகிறது. வலது கால் அசையவே இல்லை. மீற்றர் வைத்தால் 6 வோல்ற் காட்டுகிறது. வீடு கல்லடியில், ஈயம் வைக்கக் கொஞ்சம் தெரியும். திருத்தலாமா, வேறு வாங்குவதா?

வேறு வாங்கவேண்டாம். பாட்டும் லைட்டும் வருகிறதென்றால் போடின், அதாவது உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையின், மூளைப் பகுதி உயிரோடு இருக்கிறது. நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிப் பழுது தெரிகிறது. நடக்கத் தொடங்கும்போது பாட்டு முதலிலிருந்து வருவது, மோட்டர் இழுக்கிற நேரத்தில் வோல்ற் விழுந்துபோவதால். வலது கால் அசையாதது, பெரும்பாலும் இடுப்பு மூட்டில் வயர் உள்ளுக்குள் அறுந்ததால். முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதைத் தேடப் போனால் எது எதனால் என்று குழம்பிவிடும். ஆகவே பற்றரிப் பெட்டியில் தொடங்குங்கள்.

மீற்றர் 6 காட்டியதை நம்பித்தான் அநேகம்பேர் போடைக் குறை சொல்கிறார்கள். சும்மா நிற்கிற ரோபோ எடுக்கிற மின்னோட்டம் மிகக் கொஞ்சம், மீற்றர் எடுப்பது அதைவிடக் கொஞ்சம். களிம்பு பிடித்த ஒரு இணைப்பில் 2 ஓம் தடை இருந்தாலும் அப்போது அது வெளியே தெரியாது. மோட்டர் கிளம்புகிற அந்த நொடியில் 1 அம்பியர் வரை இழுக்கும். 2 ஓமில் 1 அம்பியர் போனால் 2 வோல்ற் அங்கேயே செலவாகிவிடும். பற்றரியும் பழசென்றால் போடுக்கு வந்து சேர்வது 3 வோல்ற்றுக்கும் கீழே. உடனே சிப் அணைந்து திரும்ப எழும்பும், பாட்டு முதலிலிருந்து வரும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

அதனால் ரோபோ நடக்க முயல்கிற நேரத்தில்தான் அளக்கவேண்டும். மீற்றரை டீசி 20 வோல்ற்றில் வையுங்கள். ரோபோவைக் குப்புறப் படுக்கவைத்து, பற்றரி மூடியைக் கழற்றி, இன்னொருவரை நடக்கிற பொத்தானை அமத்தச் சொல்லுங்கள். மீற்றரின் இரண்டு முனையையும் ஒவ்வொரு பற்றரியின் சொந்த உலோகத்திலேயே வையுங்கள், ஸ்பிரிங்கில் வைக்கவேண்டாம். நல்ல அல்கலைன் பற்றரி அந்த நேரத்திலும் 1.3 வோல்ற்றுக்குக் குறையாது. ஒன்று மட்டும் 1 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் நாலையும் மாற்றுங்கள். மூன்று புதுசும் ஒரு பழசுமாகப் போட்டால் மற்ற மூன்றும் அந்தப் பழசைத் தலைகீழாகத் தள்ளும், முதலில் கசிவதும் அதுதான். மலிவான காபன் பற்றரி மோட்டருக்குச் சரிவராது. மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் அது போதும்.

நாலும் சரியென்றால், வோல்ற் எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்க்கலாம். இதற்கு உடம்பைத் திறக்கவேண்டும். முதுகில் ஆறேழு ஸ்குரூ இருக்கும், ஸ்டிக்கருக்குக் கீழேயும் பாதத்து றப்பருக்குக் கீழேயும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். திறக்க மறுத்தால் நெம்பவேண்டாம், ஒரு ஸ்குரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். திறந்ததும் எந்த வயர் எந்த இடம் என்று போனில் படம் எடுத்துவையுங்கள். பிறகு மீற்றரின் ஒரு முனையைக் கடைசிப் பற்றரியின் தட்டையான அடியில் வைத்து, மறு முனையைப் போடில் கறுப்பு வயர் பற்றவைத்த இடத்தில் வையுங்கள். நடக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ற்றுக்குள் நின்றால் அந்தப் பக்கம் சுத்தம். அரை வோல்ற், ஒரு வோல்ற் என்று காட்டினால் பழுது இந்த இரண்டு முனைக்கும் இடையில்தான். பிறகு முனையைக் கிட்டக் கிட்டக் கொண்டுவாருங்கள்: பற்றரி அடிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில், ஸ்பிரிங்குக்கும் வயருக்கும் இடையில், வயரின் இரண்டு தலைக்கும் இடையில். சிவப்புப் பக்கமும் இதேமாதிரி, பற்றரிக் குமிழிலிருந்து சுவிட்ச் வரை, சுவிட்ச்சின் ஒரு காலிலிருந்து மற்றக் கால் வரை. நாலு பற்றரியையும் தொடுக்கிற நடுத் தகடுகளையும் விடவேண்டாம்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் வருகிற உப்பு ஸ்பிரிங்கில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், நிக்கல் பூச்சு கீறுப்பட்ட இடத்தில் கறள் தொடங்கும். மார்கழி மழை நாளில் பற்றரியை உள்ளே விட்டு அலுமாரிக்கு மேல் வைத்த விளையாட்டுச் சாமானெல்லாம் இப்படித்தான் சாகிறது.

கசிந்த இடத்தைத் துடைப்பதற்குமுன் எந்தப் பற்றரி கசிந்தது என்று பாருங்கள். அல்கலைன் கசிவு காரம். வெள்ளையாகப் பூத்திருக்கும், வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ ஒரு துளி விட்டால் நுரைத்துக் கரையும். சாதாரணக் காபன் பற்றரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்குப் புளி விட்டால் கறளைக் கூட்டும். கால் கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடையுங்கள். இரண்டுக்கும் பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை, போன் திருத்துகிற கடைகளில் பாவிக்கிற ஐசோபுரோப்பைல் அற்ககோலால் ஒருமுறை. பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைக்கவேண்டாம், போடுக்குள் ஓடிவிடும். கடைசியில் மெல்லிய மண் கடதாசியால் ஸ்பிரிங்கின் முனை மினுங்கும்வரை தேயுங்கள். பூச்சு முழுக்கப் போய்ச் செம்மண் நிறமாகிவிட்ட ஸ்பிரிங் தேய்த்தாலும் ஒரு மாதத்தில் பழையபடி வரும். உடைந்த ரிமோட்டிலிருந்து ஒன்றைக் கழற்றி மாற்றுவது நல்லது.

ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து பார்த்து, அதோடு வயரையும் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. கசிந்த திரவம் கறுப்பு வயரின் உறைக்குள்ளே ஊர்ந்து ஏறும். வெளியே பார்த்தால் வயர் புதுசுபோல இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கிட்ட அரை சென்ரிமீற்றர் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு நிறத்தில் மினுங்கவேண்டிய நூல்கள் கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்தக் கறுப்பில் ஈயம் பிடிக்காது, உருண்டையாகத் திரண்டு ஓடிவிடும். கறுப்பு முடிகிற இடம்வரை வெட்டிக்கொண்டே போங்கள். பாதி வயருக்குமேல் கறுத்திருந்தால் முழு வயரையும் மாற்றுங்கள். பழைய போன் சார்ஜர் வயருக்குள் இருக்கிற சிவப்பும் கறுப்பும் இதற்கு நல்ல அளவு. அதே வயரில் பச்சையும் வெள்ளையும் இருந்தால் அவை மெல்லிசு, மோட்டருக்கு வேண்டாம்.

ஈயம் வைக்கும்போது ஸ்பிரிங்கைப் பெட்டியிலிருந்து மேலே இழுத்துக் கழற்றி, வெளியே குறட்டால் பிடித்துக்கொண்டு வையுங்கள். உள்ளே வைத்தே சூடாக்கினால் பிளாஸ்ரிக் இளகி ஸ்பிரிங் சாய்ந்துவிடும், பிறகு பற்றரி இறுக்கமாக நிற்காது. 25 அல்லது 30 வாற்ஸ் அயன், 60/40 ஈயம், 0.8 மில்லிமீற்றர் கம்பி போதும். ஸ்பிரிங்கில் தனியாக, வயர் முனையில் தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடு காட்டுங்கள். ஆறும்வரை ஆட்டவேண்டாம். ரோசின் பேஸ்ட் மட்டும் பாவியுங்கள். தகரம் ஒட்டுகிற அமிலப் பேஸ்ட் உடனே அழகாகப் பிடிக்கும், ஆனால் மிச்சம் இருக்கிற அமிலம் நம் கடற்கரைக் காற்றில் அந்த வயரையே தின்றுவிடும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலை முடியும்வரை பிள்ளையைப் பக்கத்தில் விடவேண்டாம்.

தள்ளு சுவிட்ச்சில் வோல்ற் தொலைகிறதென்றால், ஒரு துளி அற்ககோல் உள்ளே விட்டு முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பெரும்பாலும் சரிவரும். வராவிட்டால் புதுச் சுவிட்ச்.

இப்போது வலது கால். இதற்கு மிகச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு. போடில் வலது மோட்டரின் சோடி வயரையும் இடது மோட்டரின் சோடி வயரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். வெள்ளை இணைப்பியாக இருந்தால் கழற்றிச் செருகினால் போதும், இல்லையென்றால் நாலு ஈயம். மாற்றிய பிறகும் வலது காலே அசையாவிட்டால் பழுது வயரிலோ மோட்டரிலோ. வலது கால் ஓடி இடது கால் நின்றுவிட்டால் போடில் மோட்டரை ஓட்டுகிற சிப் போயிருக்கிறது. இந்த ஒரு சோதனை உங்கள் அரை நாள் வேலையைக் குறைக்கும்.

வயரென்றால் அறுகிற இடம் ஏறக்குறைய நிச்சயம்: உடம்பிலிருந்து காலுக்குள் இறங்குகிற துவாரம். ஒவ்வோர் அசைவிலும் வயர் அதே இடத்தில் மடிந்து நிமிர்கிறது. உறை அறுவதில்லை, உள்ளே நூல்கள் ஒவ்வொன்றாக அறும். அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மீற்றரைச் சத்தம் போடுகிற இடத்தில் வைத்து, வயரின் இரண்டு தலையிலும் முனைகளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் விரலால் வளைத்து வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அதே இடம். மெதுவாக இழுத்தாலும் தெரியும், நல்ல வயர் விறைப்பாக நிற்கும், அறுந்த இடத்தில் உறை மட்டும் றப்பர்போல நீளும்.

அந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போடவேண்டாம். ஈயம் நூல்களுக்கிடையில் ஊறிப் போய் வயரைக் கம்பிபோல விறைப்பாக்கும், விறைப்பு முடிகிற ஓரத்தில் அடுத்த கிழமையே அறும். போடிலிருந்து மோட்டர்வரை முழு நீளமும் புதுசாகப் போடுங்கள். நீளம் பற்றாமல் ஒட்டத்தான் வேண்டுமென்றால், ஒட்டு மடிகிற இடத்திலிருந்து 2 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும், அதற்குமேல் சுருங்கு குழாய் போடவேண்டும். கணினி வலை வயரைப் பாவிக்கவேண்டாம். அதில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான் இருக்கும், சுவரோடு ஓடுவதற்கு அது நல்லது, மூட்டுக்குள் ஒரு நாளும் தாங்காது. பல நூல் உள்ள மெல்லிய வயர்தான் சரி. துவாரத்தின் இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் தொய்வு விட்டு, தொய்வுக்கு அப்பால் சூட்டுப் பசை ஒரு பொட்டு வைத்தால் இழுவை ஈயத்துக்குப் போகாது.

வயர் சரியாக இருந்து கால் அசையாவிட்டால் மோட்டரைத் தனியாகப் பாருங்கள். மோட்டரின் ஒரு வயரைப் போடிலிருந்து பிரித்துவிட்டு, இரண்டு பற்றரியைத் தொடராக வைத்து 3 வோல்ற்றை நேராக மோட்டரில் கொடுங்கள். ஓடினால் மோட்டர் நல்லது. விரலால் சுழற்றிவிட்டால் மட்டும் ஓடினால் உள்ளே தொடுதகடு தேய்ந்திருக்கிறது, அதே அளவுள்ள வேறு மோட்டர் போடவேண்டும். 130 என்ற அளவுதான் விளையாட்டுச் சாமான்களில் அதிகம், உடைந்த காரிலிருந்து எடுத்தாலும் பொருந்தும், அச்சில் இருக்கிற பல்லுச் சில்லின் பல்லுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டும் சில்லு திரும்பாவிட்டால் அந்தச் சின்னப் பல்லுச் சில்லு வெடித்து அச்சில் வழுக்குகிறது. மோட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சின்ன மஞ்சள் கொள்ளளவி (கப்பாசிற்றர்) இருக்கும். அது உள்ளே ஒட்டிப்போனாலும் மோட்டர் ஓடாது. கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஓடினால் புதுசொன்று போடுங்கள். அது இல்லாமல் விட்டால் மோட்டரின் இரைச்சல் ரிமோட்டைக் குழப்பும்.

சிப் போயிருந்தால் அதன் முதுகில் எழுதிய இலக்கத்தைப் படம் எடுத்து, சூட்டுக் காற்று இயந்திரம் வைத்திருக்கிற போன் கடைக்குக் கொண்டுபோங்கள். அயனால் அதைக் கழற்றப் போனால் போடின் செம்புக் கோடும் சேர்ந்து உரியும்.

மூடுமுன் பற்றரி போடாமல் ஒரு சோதனை. மீற்றரை ஓமில் வைத்து, சுவிட்ச்சைப் போட்டுவிட்டு, சிவப்பும் கறுப்பும் வந்து சேர்கிற இரண்டு தகட்டிலும் முனைகளை வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஒட்டியிருக்கிறது, பற்றரி போடவேண்டாம். ஸ்குரூத் தூணுக்கும் மூடிக்கும் இடையில் வயர் நசிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்குரூவை முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், பழைய புரியில் விழுந்து ஒரு சின்னத் துள்ளல் தெரிந்த பிறகு முறுக்குங்கள். புரி தேய்ந்த துவாரத்தில் ஓர் ஈர்க்குத் துண்டைப் பசையில் தோய்த்து வைத்தால் ஸ்குரூ பிடிக்கும்.

முன்னால் போகச் சொல்லும்போது நின்ற இடத்தில் சுற்றினால் ஒரு மோட்டரின் இரண்டு வயரும் மாறியிருக்கிறது, அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். சரியாக நடந்தால் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு, பற்றரி மூடியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சுடுகிற ஸ்பிரிங் இருந்தால் அந்த இணைப்பில் இன்னும் தடை மிச்சம் இருக்கிறது, அதைக் கழற்றி ஈயத்தைப் புதுசாக வையுங்கள்.