இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புவதற்கு, "பைபிளில் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

உண்டு. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எங்களில் பெரும்பாலோர் ஆதாரத்தை எடைபோட்டுப் பார்த்து நம்பியவர்கள் அல்ல. நானும் சபையிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். இருந்தாலும் காரணம் என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுப்பது காலிக் கல்லறையை அல்ல, ஆதிச் சபையின் போதகர் பவுலின் ஒரு கடிதத்தை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரம். ஏறக்குறைய கி.பி. 54, 55 வாக்கில் எழுதியது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களை அதில் வரிசையாகச் சொல்கிறார்: கேபா என்கிற பேதுரு, இயேசுவின் முக்கியச் சீடர்களான பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியில் தான். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வேறு சொல்கிறார். நம்பாதவன் போய் விசாரிக்கட்டும் என்கிற தோரணை அது. தான் அறிவிக்கும் இந்தச் செய்தி தனக்கு முன்பே இருந்தது, தான் பெற்றுக்கொண்டது என்றும் எழுதுகிறார். மனம் மாறி மூன்று ஆண்டுக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினேன், யாக்கோபையும் பார்த்தேன் என்று கலாத்தியர் கடிதத்தில் சொல்கிறார். பதினைந்து நாளும் வேறு எதைப் பேசியிருப்பார்கள்?

இந்த யாக்கோபுதான் என்னை யோசிக்க வைப்பவர். இயேசுவின் சொந்தத் தம்பி. (கத்தோலிக்கர்கள் நெருங்கிய உறவினர் என்பார்கள்.) இயேசு ஊழியம் செய்த நாட்களில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துக்கொண்டுபோக வீட்டார் வந்ததாக மாற்கு தன் சுவிசேஷத்தில் சொல்கிறார். அண்ணனோ சிலுவையில் செத்தார். மரத்தில் தொங்கியவன் சபிக்கப்பட்டவன் என்பது யூதச் சட்டம். தம்பிக்கு அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே தம்பி எருசலேம் சபைக்குத் தலைவராகி, கி.பி. 62இல் கல்லெறியுண்டு செத்தார். இந்தச் சாவைப் பதிவு செய்தவர் கிறிஸ்தவர் அல்ல, யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். பவுலும் இப்படித்தான், சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த ஆள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு மாயத்தோற்றம் வரலாம், சரி. எதிரிக்கு ஏன் வர வேண்டும்?

அப்புறம் பெண்கள். கல்லறை காலியாக இருந்ததை முதலில் பார்த்தவர்கள் மகதலேனா மரியாளும் அவரோடு போன பெண்களும். பெண்களின் சாட்சி செல்லாது என்று அதே ஜொசிஃபஸ் எழுதிய காலம் அது. கதை கட்டுகிறவன் பேதுருவைத்தான் முதலில் அனுப்பியிருப்பான்.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை: "பன்னிரண்டு பேரும் இதற்காகச் செத்தார்கள், பொய்க்காக யாராவது சாவார்களா?" அவர்களில் பலருடைய மரணம் பற்றி நம்மிடம் இருப்பது பிற்காலக் கதைகள்தான். பேதுரு, செபெதேயுவின் மகன் யாக்கோபு போன்ற சிலருக்கே பழைய சான்று உண்டு. தவிர, உயிரைக் கொடுத்தவர் உண்மையாக நம்பினார் என்றுதான் அது காட்டும். நம்பியது உண்மை என்று காட்டாது.

இதெல்லாம் சேர்ந்தாலும் கணக்குப்போல நிரூபணம் ஆகிவிடாது. கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட்ட ஜெர்மன் ஆய்வாளர் கெர்ட் லூடெமான்கூட, சீடர்களுக்கு ஏதோ ஓர் அனுபவம் நேர்ந்தது என்பதை ஒப்புக்கொண்டார். அது மனத்தில் எழுந்த தரிசனம் என்றார். கடவுள் இல்லை என்று தொடங்கினால் அவர் சொல்வதுதான் பொருத்தமாகப் படும். நான் கடவுள் உண்டு என்று தொடங்குகிறேன், அதனால் பேதுருவும் யாக்கோபும் சொன்னதை அப்படியே ஏற்பதில் எனக்குத் தடையில்லை. கல்லறையில் நின்றது ஒரு தூதனா இருவரா என்று நான்கு சுவிசேஷங்களும் வேறுபடுவதைப் பற்றிக் கேட்க நினைத்தால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அது நீண்ட பஞ்சாயத்து.