வீட்டில் உங்கள் பங்கு கால்தான்

கேள்வி: கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் இருக்கிறேன். 2014-இல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மருந்துச் செலவுக்குக்கூடத் தருவதில்லை. வீட்டை ஒரு முதியோர் இல்லத்துக்கும், சேமிப்பைத் தர்ம காரியங்களுக்கும் எழுதிவைக்க நினைக்கிறேன். இல்லத்தின் செயலாளரே உயிலைத் தயாரித்து, சாட்சிகளையும் அழைத்துவருகிறேன் என்கிறார். சரியா?
— 71 வயது வாசகி, திருச்சி

பதில்: அம்மா, பிள்ளைகள் கவனிக்காதது உயிலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதற்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்பு கேட்டு மனுக் கொடுங்கள்.

வீடு யாருடையது என்பதுதான் இங்கே கேள்வி. கணவர் உயில் எழுதாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. உங்களுடையது கால் பங்கு. முழு வீட்டையும் எழுதினாலும் அந்தக் கால் பங்குதான் இல்லத்துக்குப் போகும்.

செயலாளர் சொல்லும் ஏற்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. ஆதாயம் பெறுகிறவரே முன்நின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைப் போக்குவது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில், சொல்லிவிட்டது. 'பதிவு செய்துவிட்டோமே' என்று நம்பி வந்து, சாட்சிக் கூண்டில் தடுமாறிய கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்தாலும் சந்தேகம் தானாகத் தீராது. கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். அவர் இல்லத்தின் சம்பளக்காரராக இருந்தால் குறுக்கு விசாரணையில் உங்கள் மகனின் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். அதனால் வக்கீலை நீங்களே பிடியுங்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, இல்லத்தோடு ஒட்டு உறவு இல்லாதவர்களாக இருக்கட்டும். உயிலை நிறைவேற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அதுவும் செயலாளர் வேண்டாம்.

'தர்ம காரியங்களுக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள். 'தர்மம்' என்று பொதுவாக எழுதிய உயிலைத் தெளிவில்லை என்று, ஆங்கிலேயர் காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1899-இலேயே செல்லாததாக்கிவிட்டது. அப்படி ஆனால் சேமிப்பு நேராக அந்த மூன்று பிள்ளைகளுக்கே போகும். பணம் பெறும் அறக்கட்டளையின் பதிவுப் பெயர், பதிவு எண், எதற்கான பணம் எல்லாம் இருக்க வேண்டும். உங்களுக்கு முன்பே அந்த அறக்கட்டளை மூடப்பட்டால் பணம் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். வங்கியில் நாமினி மகனாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். நாமினி உரிமையாளர் இல்லைதான், ஆனால் பணம் முதலில் அவர் கைக்குப் போய்விடும். அப்புறம் அறக்கட்டளை வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

வீட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். கால் பங்கோடு உங்கள் பிள்ளைகளுடன் கூட்டுச் சொந்தக்காரராக நிற்க எந்த இல்லமும் விரும்பாது. பாகப்பிரிவினை வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். பங்குக்கு ஈடான பணத்தைப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டு, உங்கள் பங்கை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுங்கள். அந்த வீட்டில் ஆயுள்வரை நீங்கள் குடியிருக்கும் உரிமையையும் தனியாக எழுத்தில் பெற்றுப் பதிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வரும் பணத்தில் உங்கள் வைத்தியத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மீதியை விரும்பினால் இல்லத்துக்கு இப்போதே கொடுக்கலாம்.

பிள்ளைகள் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கை நீங்களே, இப்போதே போடுங்கள்.