மாடியில் அறை கட்டினால் சொத்து வரி உயருமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் டைல்ஸ் பதித்து, சமையலறையைப் புதுப்பித்து, மாடியில் இரண்டு அறைகள் கட்டினேன். சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருவோருக்கு அவற்றை நாள் வாடகைக்கு விடுகிறேன். வரியை உயர்த்தி மாநகராட்சி அறிவிப்பு அனுப்பியுள்ளது. மாடிக்கு வரைபட அனுமதி வாங்கவில்லை. உயர்ந்த வரியைக் கட்டிவிட்டால் அது சரியாகிவிடுமா?

பதில்: சொத்து வரி, தாங்கள் செலவழித்த தொகையைப் பார்த்து விதிக்கப்படுவதன்று, கட்டடத்தின் பரப்பளவு, அமைந்துள்ள பகுதி, கட்டட வகை, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே டைல்ஸுக்கும் சமையலறைப் புதுப்பிப்புக்கும் வரி உயராது. மாடி அறைகளின் சதுர அடிக்கு ஏற்ப உயரும். அவை கட்டி முடிந்ததும் தாங்களே மாநகராட்சிக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

தங்கள் விஷயத்தில் பரப்பளவைவிடப் பயன்பாடுதான் சிக்கலானது. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் அது குடியிருப்பாகவே இருக்கும். நோயாளிகளின் உறவினருக்கு நாள் கணக்கில் விடுவதை, வேலூரில் எவ்வளவு பரவலாக நடந்தாலும், வணிகப் பயன்பாடாகக் கருத மாநகராட்சிக்கு இடமுண்டு. வீட்டு மின் இணைப்பையே அந்த அறைகளுக்கும் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டண வீதத்தைப் போல் இருமடங்கு வசூலிக்கப்படும் வாய்ப்பும் உள்ளது. வரி உயர்வைக் காட்டிலும் இதைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள காலக்கெடுவுக்குள் ஆணையருக்கு எழுத்து மூலம் ஆட்சேபணை அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு பொறியாளரைக் கொண்டு தனியாக அளந்து, தரைத்தளத்தையும் சேர்த்து வணிக வகையில் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால் தங்கள் ஆட்சேபணைக்கு வலுவான காரணம் அதுவே. மாநகராட்சி தன் அளவீட்டுத் தாளைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், அது வரும் வரை ஆட்சேபணையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வரி கட்டுவதால் அனுமதியற்ற மாடி முறைப்படுத்தப்படாது. வரி ரசீது அனுமதி ஆணையும் அன்று, உரிமைப் பத்திரமும் அன்று. அனுமதிக் குறைபாட்டைத் தனியாகத்தான் தீர்க்க வேண்டும். பக்கங்களில் விடவேண்டிய காலியிடம் விடப்பட்டுள்ளதா என்பதை உரிமம் பெற்ற பொறியாளரிடம் முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு நகரமைப்புப் பிரிவை அணுகுங்கள்.